சாவி யாரு முந்தானையில?

கிமு 423ல கிரீஸ் நாட்டுல ஆர்கோஸ்னு ஒரு ஊர், அங்க ஹீராங்கற பெண் சாமி கோயில்ல ஒரு பாட்டி விளக்கை ஏத்தி வச்சுட்டு அப்படியே கண்ணசந்துட்டாங்க. விளக்குக்குப் பக்கத்துலயே மாலை, அதுல பத்தி மளமளன்னு ஏறி கோயிலே எரிஞ்சு போச்சு. பாட்டி பேரு கிரைசிஸ், அந்தக் கோயிலோட பூசாரி அம்மா. ஊர்க்காரங்க என்ன பண்ணிருவாங்களோன்னு பயந்து அன்னிக்கு ராத்திரியே பக்கத்து ஊருக்கு ஓடிட்டாங்க.

தபால் வழியில எம்.ஏ. ஹிஸ்டரி படிக்கிறேன், அதுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல பாத்திரமெல்லாம் கழுவி வச்சுட்டு உக்காந்து படிக்கிறப்ப இந்த இடம் வந்துச்சு, படிச்சுட்டு புக்கை மூடிட்டேன். ஏன்னா எங்க ஆயாவும் இதேதான் பண்ணுச்சு.

சேலத்துல அம்மாப்பேட்டை பக்கம் ஒரு சந்து, ரெண்டு பக்கமும் தறி ஓடுற வீடு, சந்து முட்டுற இடத்துல ஒரு மாரியம்மன் கோயில். கோயில்னா பெருசா நினைச்சுக்காதீங்க, ஆறடிக்கு ஆறடி கருவறை, முன்னாடி ஒரு தகரக் கொட்டாய், ஒரு வேப்ப மரம், அவ்வளவுதான். பூசாரின்னு ஒருத்தர் இருந்தாரு, எங்க தாத்தாவோட பங்காளி முறை, செவ்வாய் வெள்ளி வருவாரு, மீதி நாள் எல்லாம் ஆயாதான். விடியக்காலம் தண்ணி தெளிச்சு கூட்டி கோலம் போடறது, விளக்கு திரி மாத்தறது, பழைய பூவை எடுத்து வேப்ப மரத்தடியில போடறது, பூசாரி வர லேட்டாச்சுன்னா திரையை இழுத்துவிட்டுட்டு அம்மனுக்கு சேலை மாத்தறது கூட ஆயாதான். சாவி ஆயாவோட முந்தானை நுனியில முடிஞ்சு இருக்கும். ஒரு விரல் நீளத்துக்கு இரும்புச் சாவி, நடக்கறப்ப கொலுசு மாதிரி வளையல்ல இடிச்சு இடிச்சு சத்தம் வரும், அந்த சத்தம் கேட்டாலே நாங்க விளையாட்டை விட்டுட்டு பொங்கலுக்கு லைன்ல நின்னுருவோம்.

கிரீஸ்ல பூசாரி அம்மாவுக்கு அடையாளமே சாவிதான். கல்லறைக் கல்லுல ஒரு பொம்பளை உருவம் செதுக்கி கையில நீட்டமா, ரெண்டு இடத்துல வளைஞ்ச ஒரு கம்பி இருந்தா அது கோயில் சாவி, அவங்க கோயில் அம்மான்னு அர்த்தம். நம்ம முந்தானைச் சாவி மாதிரி சின்னது இல்ல, தோள்ல சாத்திக்கிட்டு போற சைஸு. படத்துல பார்த்தப்ப எனக்கு முதல்ல கார் ஸ்டார்ட் பண்ற பழைய காலத்து கைப்பிடின்னுதான் தோணுச்சு.

இப்ப கிரைசிஸ் கதைக்கு வரேன். அவங்களைப் பத்தி நமக்கு சொல்றவரு துசிடிடீஸ், ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெரிய சண்டையை எழுதுனவரு. அந்த சண்டை எந்த வருஷம் ஆரம்பிச்சுச்சுன்னு அவரு சொல்லணும், ஆனா அப்ப கிமு கிபி எதுவும் கிடையாது, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காலண்டர். அதனால அவரு என்ன பண்றாரு, ஸ்பார்ட்டாவுல இந்த அதிகாரி இருந்தப்ப, ஏதென்ஸ்ல இந்த அதிகாரி இருந்தப்பன்னு சொல்லி, அதுக்கெல்லாம் முன்னாடியே ஆர்கோஸ்ல கிரைசிஸ் பூசாரி ஆகி 48ஆவது வருஷம் நடந்தப்பன்னு எழுதறாரு. அதாவது ஒரு கோயில் அம்மாவோட சர்வீஸை வச்சு உலகத்துக்கு வருஷக் கணக்கு! ஹெல்லானிகஸ்னு இன்னொருத்தரு அந்தக் கோயில் அம்மாக்கள் வரிசையை வச்சே ஒரு சரித்திரம் எழுதியிருக்காரு.

இதுல கூத்து என்னன்னா அதே துசிடிடீஸ், அதே பாகத்துல கொஞ்சம் தள்ளி, ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் பேசுன பேச்சுன்னு ஒண்ணு எழுதறாரு. சண்டையில புருஷனை இழந்த பொம்பளைங்களைப் பார்த்து பெரிக்ளிஸ் சொல்றது, நல்லதுக்கோ கெட்டதுக்கோ ஆம்பளைங்க வாயில உங்க பேரு எவ்வளவு கம்மியா அடிபடுதோ அவ்வளவு பெருமை உங்களுக்குன்னு. ஓட்டு கிடையாது, கோர்ட்டுல தானா போய் நிக்க முடியாது, அப்பனோ புருஷனோ மகனோ ஒருத்தன் எப்பவும் கார்டியனா இருக்கணும், பேரே வெளிய வரக்கூடாது, ஆனா வருஷத்தைக் கணக்குப் போட மட்டும் கிரைசிஸ் பேரு வேணும். படிச்சுட்டு சிரிச்சுட்டேன், பக்கத்துல தூங்கிட்டு இருந்த வீட்டுக்காரரு என்னடி சிரிக்கிறேன்னாரு, ஒண்ணுமில்ல தூங்குங்கன்னேன்.

48 வருஷம், அதுக்கப்புறம் சண்டையில எட்டரை வருஷம், கூட்டுனா ஐம்பத்தாறரை வருஷ வேலை. தூக்கம் வராம என்ன பண்ணும்.

எங்க ஆயா கதை 1994 ஆடி. கம்பம் நட்டு, பூச்சாட்டி, ஊரே மஞ்சளும் வேப்பிலையுமா இருந்த நேரம், ஒரு வாரமா ஆயா சரியா தூங்கல. குகைப் பக்கம் வண்டி வேடிக்கை பார்க்க எல்லாரும் போயிட்டாங்க, ஆம்பளைங்க சாமி வேஷம் கட்டி வண்டியில வருவாங்கல்ல அது, நானும் அப்பா தோள்ல உக்காந்து போயிட்டேன், ஆயா மட்டும் கோயில்ல. திரும்பி வந்தா சந்து பூரா புகை நாத்தம். விளக்குத் திரி சாஞ்சு திரைச்சீலை பத்தி, அம்மன் சேலையில ஓரம் கருகி, ஆயா குடத்துத் தண்ணியை ஊத்தி அணைச்சுட்டு கையில கொப்புளத்தோட படியில உக்காந்திருந்துச்சு. கோயில் எரியல, திரைதான். ஆனா ஊர்ப் பெரியவங்க கூடிப் பேசி இது குத்தம், அம்மனுக்கு ஆகலன்னு சாவியை வாங்கிக்கிட்டாங்க. ஆயா ஒண்ணும் பேசல, முந்தானை முடிச்சை அவுக்க வரல, பல்லால கடிச்சு அவுத்து குடுத்துச்சு. அது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

ஆர்கோஸ்காரங்க வேற ஒரு அம்மாவைப் போட்டாங்க, பேரு ஃபையினிஸ், விஷயம் முடிஞ்சுச்சு. ஆனா 500, 600 வருஷம் கழிச்சு பாசானியஸ்னு ஒரு ஊர்சுத்தி எழுத்தாளர் அங்க போறாரு, போய்ப் பார்த்தா எரிஞ்ச பழைய கோயில் முன்னாடி கிரைசிஸோட சிலை நிக்குது. இவ்வளவு பெரிய நஷ்டத்துக்கு அப்புறமும் ஆர்கோஸ்காரங்க அந்த சிலையை எடுக்கவே இல்ல. (கிரைசிஸ் ஓடுன ஊரு ஃப்ளியஸ்னு துசிடிடீஸ் சொல்றாரு, இவரு தெஜியாங்கறாரு. ஓடுன பொம்பளைக்கு எந்த ஊரா இருந்தா என்ன.)

சரி சம்பள விஷயத்துக்கு வருவோம், எனக்கு இதுதான் முக்கியம். ஏதென்ஸ்ல மலைக் கோட்டை மேல அத்தீனா நைக்கின்னு வெற்றிக்கான சாமி, அதுக்கு ஒரு பூசாரி அம்மா போடணும்னு கிமு 5ஆம் நூற்றாண்டுல சபை கூடி தீர்மானம் போட்டிருக்காங்க, கல்லுல வெட்டி வச்சது இன்னமும் இருக்கு. இந்தப் பரம்பரை அந்தக் குடும்பம்னு பார்க்காம ஏதென்ஸ் பொம்பளைங்க எல்லாருலயும் இருந்து ஒருத்தர். வருஷத்துக்கு 50 டிராக்மா. அது போக ஊர்ப் பொதுவுல குடுக்கற பலியில காலும் தோலும் அவங்களுக்கு. ஒரு டிராக்மாங்கறது அப்ப கைவேலை தெரிஞ்ச ஆளுக்கு ஒரு நாள் கூலி, அப்ப ஐம்பது நாள் கூலி, பெரிய காசு இல்ல, ஆனா தோல் இருக்கு பாருங்க, அதை வித்தா காசு. முதல்ல சீட்டு விழுந்தது மிர்ரினிங்கற அம்மாவுக்கு, அவங்க கல்லறைக் கல்லும் கிடைச்சிருக்கு, எல்லாருக்கும் நடுவுல சீட்டு விழுந்து வந்தவன்னு அதுல பெருமையா எழுதியிருக்கு.

காலும் தோலும்னு படிச்சதும் எங்க ஊர்க் கிடா வெட்டு கண்ணுக்கு முன்னாடி வந்துருச்சு. எங்க கோயில்ல தலை பூசாரிக்கு, தோலும் பூசாரிக்கு. தட்டுக் காசும் பூசாரிக்கு. ரத்தம் விழுந்த இடத்தை சாணி போட்டு வழிக்கிறது ஆயாவுக்கு. ஆயாவுக்குன்னு வந்தது மிஞ்சுன விளக்கெண்ணெய், அம்மனுக்கு சாத்திக் கழிச்ச சேலை வருஷத்துக்கு ஒண்ணு, அதையும் எங்கம்மா கட்ட மாட்டேன்னு சொல்லிருச்சு. ஒருநாள் கூட ஆயா இதைப் பத்தி குறை சொல்லிக் கேட்டதில்ல, எனக்குத்தான் வயித்தெரிச்சல், அதுவும் இந்தக் கல்லைப் பத்திப் படிச்சதுக்கு அப்புறம். பொம்பளைக்கு ஓட்டே குடுக்காத ஊரு, ஆனா தோல் யாருக்குன்னு கல்லுல வெட்டி வச்சிருக்கான்.

ஆயாகிட்ட ஒரு குணம், கோயில்ல யாரையும் சபிக்க விடாது. எங்க பக்கத்துல காசு வெட்டிப் போடறதுன்னு ஒண்ணு உண்டு, தனக்குத் துரோகம் பண்ணவன் நாசமாப் போகணும்னு அம்மன் முன்னாடி காசை வெட்டி வேண்டிக்கறது. ஒரு அக்கா கொழுந்தனார் மேல சொத்துத் தகராறுல அப்படிப் பண்ண வந்துச்சு, ஆயா கதவைத் திறக்கவே இல்ல, சாவியைக் காணோம் கண்ணுன்னு முந்தானையைக் கையில சுருட்டிப் பிடிச்சுக்கிட்டே சொல்லுச்சு. இதே கதை ஏதென்ஸ்லயும் இருக்கு. ஆல்சிபியடீஸ்னு ஒரு தளபதி, கிமு 415ல சாமி குத்தம் பண்ணிட்டான்னு கேஸ் ஆகி, எல்லா பூசாரிங்களும் பூசாரி அம்மாக்களும் அவனை சபிக்கணும்னு உத்தரவு. தியானோங்கற ஒரே ஒரு அம்மா மட்டும் முடியாதுன்னுட்டாங்க, நான் வேண்டிக்கிறதுக்கு இருக்கற பூசாரி, சபிக்கிறதுக்கு இல்லன்னு. எங்க ஆயாவுக்கு அவ்வளவு எடுப்பா பேச வராது, பொய் சொல்லிருச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

டெல்ஃபியைப் பத்தி சொல்லாம விட்டா நியாயம் இல்ல. குறி சொல்ற கோயில், சாமி அப்பல்லோ ஆம்பளை, குறி சொல்றது பித்தியாங்கற பொம்பளை, ராஜா முதல் வியாபாரி வரைக்கும் வந்து கேட்டுட்டுப் போவாங்க. முதல்ல சின்னப் பொண்ணுங்கதான் இருந்தாங்களாம், குறி கேக்க வந்த ஒருத்தன் அந்தப் பொண்ணு அழகுல மயங்கி தூக்கிட்டுப் போயிட்டான், அதுக்கப்புறம் ஐம்பது வயசுக்கு மேல ஆனவங்கதான்னு சட்டம், ஆனா உடுப்பு மட்டும் பழைய மாதிரி சின்னப் பொண்ணு உடுப்பே. தப்பு பண்ணது அவன், ரூல் மாறுனது இவளுக்கு, இது எந்த ஊர்லயும் மாறாது போல.

குறி கேக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டைக் கொண்டு வந்து மேல பச்சைத் தண்ணி ஊத்துவாங்க. ஆடு உடம்பு பூரா நடுங்கி சிலுப்பணும், அப்பதான் சாமி சரின்னு சொன்னதா அர்த்தம். இதைப் படிச்சதும் நான் எங்கம்மாவுக்கு ராத்திரியே போன் போட்டேன், அம்மா கிரீஸ்லயும் ஆடு துளுக்கணுமாம்மா! பின்ன துளுக்காம எப்படி வெட்டுவாங்க, இதைச் சொல்லவா பதினொரு மணிக்கு போன் பண்ணேன்னு வெச்சிருச்சு.

புளூட்டார்க், அவரே டெல்ஃபியில பூசாரியா இருந்தவரு, ஒரு சம்பவம் எழுதறாரு. வெளியூர்ல இருந்து பெரிய ஆளுங்க வந்துட்டாங்க, ஆடு துளுக்கல. ஊத்து ஊத்துன்னு ஆடு முங்கிப் போற அளவுக்கு தண்ணியை ஊத்தி கடைசியில எப்படியோ துளுக்க வச்சுட்டாங்க. அந்த அம்மாவுக்கு இஷ்டமே இல்ல, உள்ள போனாங்க, முதல் பதில்லயே குரல் கரகரன்னு மாறிருச்சு, அப்புறம் பயங்கரமா கத்திக்கிட்டு வாசலுக்கு ஓடி வந்து விழுந்தாங்க, குறி கேக்க வந்தவங்க மட்டும் இல்ல பூசாரிங்களே பயந்து ஓடிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து தூக்குனாங்க, நினைவு இருந்துச்சு, சில நாள்ல செத்துப் போயிட்டாங்க. சாமி வந்து ஆடறவங்களை நான் சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கேன், மலையேறுனதுக்கு அப்புறம் அவங்க முகம் எப்படி இருக்கும்னு கிட்ட இருந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், ஒரு சொம்பு தண்ணியைக் கூட கை நடுக்கத்துல பிடிக்க முடியாது. அந்த அம்மா பேரை புளூட்டார்க் எழுதல.

இப்ப நாங்க இருக்கற வாடகை வீட்டுக்கு மாடியில நாகர்கோவில் அக்கா ஒருத்தங்க இருக்காங்க. ஔவையார் நோன்புன்னு கும்பிடுவாங்க, செவ்வாய்க்கிழமை ராத்திரி, பொம்பளைங்க மட்டும். அசந்தா ஆடி, தப்புனா தை, மறந்தா மாசின்னு சொல்லுவாங்க. பச்சரிசி மாவுல உப்பில்லாம கொழுக்கட்டை, ஆம்பளை கண்ணுலயே படக்கூடாது, கைப்பிள்ளை பையனா இருந்தாக்கூட அன்னிக்கு வேற வீட்டுக்குப் போயிரணும், கதையும் வெளிய சொல்லக்கூடாது. என்னையும் கூப்பிட்டாங்க, போனேன், என்ன நடந்துச்சுன்னு இங்க எழுத மாட்டேன், சத்தியம் பண்ணியிருக்கேன். வீட்டுக்காரரு கொழுக்கட்டை ஒண்ணாவது கொண்டு வந்தியான்னு கேட்டாரு, பாவம்.

கிரீஸ்ல இதுக்கு அக்கா முறை தெஸ்மோஃபோரியா. விதைப்புக்கு முன்னாடி மூணு நாள், தானிய சாமி டெமிட்டருக்கு, கல்யாணம் ஆன பொம்பளைங்க எல்லாம் வீட்டை விட்டுட்டு கூட்டமா போய் கொட்டாய் போட்டுத் தங்குவாங்க, செலவு புருஷன் குடுக்கணும். ரெண்டாவது நாள் பூரா பட்டினி, வெறும் தரையில உக்காரணும். பன்னிக்குட்டிகளைக் குழியில போட்டிருப்பாங்க, அழுகிப் போனதை இறங்கி அள்ளிட்டு வர சில பொம்பளைங்க இருக்காங்க, குழியில பாம்பு இருக்கும்னு மேல இருந்து சத்தம் போட்டு விரட்டுவாங்க, அள்ளுனதை பலிபீடத்துல வச்சு விதையோட கலந்து விதைச்சா வெள்ளாமை நல்லா வரும்னு நம்பிக்கை. யோசிச்சுப் பார்த்தா அது உரம்தான், எங்க தாத்தா கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாரு. அந்த மூணு நாளும் படுக்கறதுக்கு ஒரு செடியோட தழையைப் பரப்பிப்பாங்க, ஆசையை அடக்கும்னு. என்ன செடின்னு தேடுனேன், நம்ம நொச்சிக்கு அதே சாதி, சொந்தக்காரச் செடி! இங்க வேலியோரம் வளர்றதை சளி பிடிச்சா ஆவி பிடிக்கிறோம், கொசுவுக்குப் புகை போடறோம், அங்க அதுலயே படுத்திருக்காங்க.

ஆம்பளை உள்ள போனா என்ன ஆகும்? மாரத்தான் சண்டையில ஜெயிச்ச ஏதென்ஸ் தளபதி மில்டியடீஸ், அடுத்த வருஷமே பாரோஸ் தீவைப் பிடிக்க 70 கப்பலோட போறான், முடியல. டிமோன்னு கோயில்ல சின்ன வேலை பார்க்கற அம்மா ஒருத்தங்க ஏதோ யோசனை சொன்னாங்கன்னு டெமிட்டர் கோயில் மதிலை எகிறிக் குதிச்சு உள்ள போறான், கருவறை வாசல்ல திடீர்னு ஒரு பயம் வந்து திரும்பி ஓடி மறுபடி குதிக்கறப்ப தொடையில அடி. அது புரையோடி அதுலயே செத்தான். ஊர்க்காரங்க டிமோவைக் கொல்லலாமான்னு டெல்ஃபியில கேக்கறாங்க, வேண்டாம், அவ மேல தப்பில்ல, அவனுக்குத்தான் விதி முடிஞ்சதுன்னு பித்தியா சொல்லிட்டாங்க. ஒரு கோயில் அம்மாவை இன்னொரு கோயில் அம்மா காப்பாத்துன மாதிரி எனக்குப் பட்டுச்சு, பரிட்சையில இப்படி எழுதுனா மார்க் போட மாட்டாங்க.

மே மாசம் ஏற்காடு போனோம், இருபது கொண்டை ஊசி வளைவுலயும் பாப்பா வாந்தி. சேர்வராயன் கோயில் குகைக்குள்ள குனிஞ்சு போய் கும்பிட்டுட்டு, நார்ட்டன் பங்களா பக்கம் கரடிக் குகையைக் காட்டுனேன். கரடி எங்கம்மான்னு ஒரே அழுகை. கரடி இல்லடி தங்கம், கிரீஸ்ல ப்ரௌரோன்னு ஒரு ஊர்ல உன் வயசுப் பொண்ணுங்கதான் கரடின்னு சொன்னேன். அஞ்சுல இருந்து பத்து வயசுக்குள்ள பொண்ணுங்க ஆர்ட்டெமிஸ் சாமி கோயில்ல கரடியா ஆடணும், குங்குமப்பூ கலர் உடுப்பு போட்டுக்கிட்டு. கோயில்ல வளர்ந்த கரடி ஒரு பொண்ணைப் பிறாண்ட, அண்ணன்மாருங்க அதைக் கொன்னுட்டாங்க, ஊர்ல நோய் வந்துச்சு, அந்த குத்தம் தீரத்தான் இந்த ஆட்டம். பாப்பா அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் கரடியாத்தான் நடந்தா. அவகிட்ட சொல்லாத பாதி, பொம்பளைங்க தங்களோட துணிமணியை ஆர்ட்டெமிஸுக்குக் காணிக்கையா குடுக்கற வழக்கம். பிரசவத்துல செத்தவங்க துணியும் அந்தக் கோயிலுக்குப் போகும். கிமு 4ஆம் நூற்றாண்டுல அந்தக் காணிக்கைத் துணி லிஸ்ட்டைக் கல்லுல வெட்டியிருக்காங்க, இன்னார் குடுத்த சட்டை, பாதி நெய்ஞ்சது, கந்தல்னு ஒவ்வொண்ணுக்கும் பேரோட. தறிக்காரன் பேத்திங்கறதால பாதி நெய்ஞ்சதுன்னு படிச்சப்ப நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணிருச்சு.

எங்க கோயில் இப்ப கும்பாபிஷேகம் ஆகி டைல்ஸ் போட்டு ஜோரா இருக்கு. கிரானைட்ல உபயதாரர் பேரு வரிசையா, டியூப்லைட்ல கூட உபயம் இன்னார்னு எழுதி வெளிச்சமே பாதிதான் வருது. ஆயா பேரு எதுலயும் இல்ல, தேடிப் பார்த்தேன். போன ஆடியில மத்தியான நேரம் போனேன், கேட்டு பூட்டியிருந்துச்சு. போர்டுல பூசாரி நம்பர் இருந்துச்சு, அடிச்சா ஒரு தம்பி எடுத்து, அக்கா நான் ஆத்தூர்ல இருக்கேன், நில்லுங்க, பாட்டி பூ வாங்கப் போயிருக்கு, அதுகிட்டதான் சாவின்னான்.

பத்து நிமிஷம் கழிச்சு வந்துச்சு அந்தப் பாட்டி, கையில அரளி, முந்தானையில முடிச்சு. என்னை மேலயும் கீழயும் பார்த்து யாரு வூட்டுப் புள்ள கண்ணு நீன்னு கேட்டுச்சு. ஆயா பேரைச் சொன்னேன்.

அட, திரையைக் கொளுத்துனவ பேத்தியான்னு சிரிச்சுச்சு, பல்லு ரெண்டுதான் இருந்துச்சு. உள்ள வா, ஆனா விளக்கை நான்தான் ஏத்துவேன்னுச்சு.